தூங்குகிற சொல்

தூங்கணாங்குருவியின் கூட்டைச் சற்று நின்று பாருங்கள். கிணற்றுமேட்டுப் பனையோலை நுனியில், நார்நாராய்க் கிழித்த புல்லில் பின்னிய சுரைக்குடுவை. காற்றடித்தால் அசைகிறது, விழுவதில்லை. அந்தக் குருவி உறக்கத்துக்குப் பேர்போனதன்று. அதன் கூடு தொங்குகிறது, அதனால் வந்த பெயர். 'தூங்கு' என்ற சொல்லின் பழைய எழில் அந்தக் கூட்டில் பத்திரமாக இருக்கிறது.

தொங்குவது அசையும், அசைவது மெல்ல நகரும், மெல்ல நகர்வது காலம் தாழ்த்தும், கடைசியில் கண்ணும் சொக்கும். ஒரே சொல் இத்தனை பொருளிலும் ஆடி வந்திருக்கிறது. சங்கப் பாடல்களில் வரும் 'தூங்கு நடை'யில் யானை உறங்கவில்லை, அசைந்தசைந்து வருகிறது.

வள்ளுவர் இதைத் தாமதத்துக்கு எடுத்தாண்ட நயம் தனி. வினைசெயல்வகை அதிகாரத்தின் இரண்டாம் குறளை (672) எடுத்துப் பாருங்கள். ஆறப்போட்டுச் செய்யவேண்டியதை ஆறப்போடு, உடனே முடிக்கவேண்டியதில் சுணங்காதே என்பதுதான் செய்தி. ஏழே சீர்; அதில் நான்கு சீர் இந்த ஒரு சொல்லின் வடிவங்கள். முதல் இரண்டும் தாமதிக்க விடுகின்றன, பின்னிரண்டும் தடுக்கின்றன. அந்தத் தடையும் எங்கே விழுகிறது பாருங்கள்: முதலடியின் கடைசிச் சீரில். மூச்சு விட்டு அடுத்த அடிக்குப் போனால் அங்கும் அதே சொல், எதுகையாக வந்து நிற்கிறது. வாய்விட்டுச் சொன்னால் இன்னும் இனிக்கும். நெடிலில் நீண்டு, 'ங்'கில் மூக்கோடு இழைந்து, அந்தச் சொல்லே தாமதிக்கிறது. 'விரை' என்று சொல்லிப் பாருங்கள், இரண்டே எழுத்தில் முடிந்துவிடும்!

யாப்பிலக்கணக்காரரின் காதும் லேசுப்பட்டதல்ல. வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல் என்று ஓசை பிரித்தவர்கள், வஞ்சிப்பாவுக்கு வைத்த பெயர் தூங்கல். குறுகிய அடிகள், ஒவ்வொன்றும் அசைந்து நின்று நகர்கிற அழகு!

தமிழ்நாட்டுப் பேச்சில் உறக்கம் மட்டும் மிஞ்சியது எனக்குக் குறைதான். யாழ்ப்பாணத்தில் படுக்கப் போகிறவர் நித்திரை கொள்வார். தூங்குவது கொப்பில் இருக்கும் மாங்காய். மலையாளத்திலும் தூங்குவதென்றால் தொங்குவதே. சென்னைக்காரர் அங்கே போய், "ராத்திரி நன்றாகத் தூங்கினேன்" என்றால், எந்தக் கிளையில் என்று கேட்கத் தோன்றும்.