இயல்பிருப்பு மொழியும் வாசகர் தெரிவும்: விக்கிமீடியா தளங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

பன்மொழித் தளம் ஒவ்வொன்றும், வாசகர் தம் மொழியைத் தெரிவுசெய்யும் முன்னரே ஏதேனும் ஒரு மொழியில் விரிகிறது. இயல்பிருப்பு மொழி எனப்படும் இந்த ஏற்பாட்டினுள், வாசகர் யார் என்பது பற்றிய முன்முடிவு ஒன்றும் அடங்கியுள்ளது. பல ஆள்களங்களாக விரிந்த தளத்தொகுதியில் அம்முன்முடிவு மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. விக்கிமீடியா தளங்கள் இதற்குத் தக்க சான்று.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்குத் தனித் துணை ஆள்களம் உண்டு. முகவரியிலேயே மொழி பொறிக்கப்பட்டுள்ளமையால், யாழ்ப்பாணத்தில் திறப்பினும் ரொறன்ரோவின் வோபர்னில் திறப்பினும் அதன் இடைமுகம் தமிழிலேயே அமைகிறது. உலாவியின் மொழி ஆங்கிலமாயினும் இந்நிலை மாறுவதில்லை. வாசகர் வாழும் நாட்டைக் கொண்டு மொழியை ஊகிக்கும் தளமோ வோபர்ன்வாசிக்கு ஆங்கிலத்தையோ பிரெஞ்சையோதான் அளிக்கும்.

ஆயின், 2004இல் தோன்றிய விக்கிமீடியா பொதுவகம் எல்லா மொழியினருக்கும் ஒரே ஆள்களத்தில் இயங்குகிறது. புகுபதியாமல் அங்கு நேரே செல்லும் வாசகருக்கு இயல்பிருப்பு ஆங்கிலமே. முகவரியின் இறுதியில் மொழிக்குறியைச் சேர்த்தால் அப்பக்கம் தமிழில் விரியும். 

இதற்குக் காரணம் உண்டு. புகுபதியாத வாசகர்க்கு ஏற்கெனவே சேமித்துவைத்த பக்கப்படியே வழங்கப்படுகிறது. மொழிதோறும் தனிப்படி பேணின் சேமிப்புச் சுமை பன்மடங்காகும். மேலும், ஓர் ஆள்களம் இட்ட நினைவியை அதனோடு தொடர்பற்ற வேறோர் ஆள்களம் படிக்க இயலாது. 2018இல் அறிமுகமான உலகளாவிய விருப்பத்தேர்வுகள், ஒருமுறை தெரிந்த மொழியை எல்லா விக்கிகளிலும் பேணுகின்றன. எனினும், அவ்வசதி கணக்குடையோர்க்கே உரியது.

குறை இங்கேதான் உள்ளது. கணக்குத் தொடங்குவோர் பெரும்பாலும் தொகுப்போர். வாசிப்பதோடு அமைவோர்க்கு அது தேவைப்படுவதில்லை. பொது நூலகக் கணினியில் தமிழ்க் கட்டுரையைப் படித்து முடித்து, அதன் படமூலத்தை நாடும் வோபர்ன் முதியவர் இரண்டாம் வகையினர். இடைமுகம் ஆங்கிலமானதும் தேடலை அவர் கைவிடக்கூடும். தமிழ் உள்ளடக்கம் வளர்ந்தும் அதனை அடையும் வழி அவருக்கு அடைபடுகிறது.

ஆகவே, வாசகரின் மொழித்தெரிவு கணக்கைச் சாராது முகவரியோடு பயணிக்கவேண்டும். ஓர் ஆள்களத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இணைப்பு ஒவ்வொன்றும் மொழிக்குறியை ஏந்திச் செல்லவேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவின் துணை ஆள்கள அமைப்பு இதற்கு முன்மாதிரி. தமிழில் பக்கங்களை ஆக்கும் முயற்சியோடு, வாசகரைத் தமிழிலேயே தொடரவிடும் வழிகளையும் தமிழ்க் கணிமை தன் ஆய்வுப் பொருளாகக் கொள்ளுதல் தகும்.