தவறவே முடியாத பீடம்

மேலைநாட்டு மந்திரச் சடங்குக்காரர்களிடையே இப்போது கையால் செய்த பீடங்களுக்குத்தான் மவுசு. வால்நட் பலகை, நடுவில் ‘உயிர்மலர்’ எனும் பின்னிய வட்டங்கள், அதைச் சுற்றி மெட்டாட்ரான் கனசதுரம் என்ற கோட்டுரு, மூலையில் நம்மூர் ஸ்ரீசக்கரம். இப்படிக் கலக்கலாமா என்று கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: வடிவியல் உலகுக்கே பொது, எந்த மரபிலிருந்து எடுத்தாலும் பலிக்கும்.

தச்சு வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தானே இழைத்த பலகையின் முன் உட்காருகிறவருக்கு மனம் சீக்கிரம் குவியும் என்பதும் உண்மைதான்.

என் சண்டை அந்தப் பதிலோடு. பழைய சடங்குக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. 1582-இல் லண்டனை அடுத்த மார்ட்லேக்கில் கணித அறிஞரும் மந்திர ஆய்வாளருமான ஜான் டீ தன் புனித மேசையை அமைத்தபோது, அதன்மேல் வைக்கவேண்டிய மெழுகு முத்திரைக்குப் பழைய மாதிரிகள் அவரிடம் இருந்தன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எது சரி என்று, தூதர்களைக் காண்பதாகச் சொன்ன எட்வர்ட் கெல்லி வழியாகத் தேவதூதர்களிடமே கேட்டார். தூதர்கள் பேசினார்களா என்பது வேறு வழக்கு. ஓர் எழுத்து இடம் மாறினாலும் முத்திரை பிழையாகிவிடும் என்ற பயம் அவருக்கு இருந்தது, அதுதான் முக்கியம். அந்த மெழுகு வட்டு இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

1888-இல் லண்டனில் தொடங்கிய ‘கோல்டன் டான்’ மந்திரச் சங்கத்தாருக்கும் அந்தக் கண்டிப்பு உண்டு. அவர்களுடைய பீடம் இரட்டைக் கனசதுரம். அதன் பத்துச் சதுரங்கள், யூத மறைஞானமான கபாலா சொல்லும் தெய்வ வெளிப்பாடுகளான பத்து செஃபிரோத்துக்கு. தீட்சையின் தொடக்க நிலையில் பீடத்தின்மேல் முக்கோணத்துக்கு மேலே நிற்கும் சிலுவை அடுத்த நிலையில் முக்கோணத்துக்குள் இறங்கிவிடும். மாற்றி வைத்தால் சடங்கே வேறு.

ஸ்ரீசக்கரம் இன்னும் கறார். ஒன்பது முக்கோணங்கள் பின்னி 43 சிறு முக்கோணங்கள் பிறக்கின்றன; பல இடங்களில் மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்தித்தாக வேண்டும். ஒரு கோட்டை மயிரிழை நகர்த்தினால் வேறெங்கோ ஒரு சந்தி பிரிந்துபோகும். பூஜையும் வெளிச்சுற்றிலிருந்து ஆவரணம் ஆவரணமாக, அதாவது சுற்றுச் சுற்றாக, நடந்து நடுப்புள்ளியான பிந்துவை அடையவேண்டிய ஒன்று. மூலையில் ஒட்டிவைத்த ஸ்ரீசக்கரத்தில் யார், எங்கே நுழைவது?

உயிர்மலரின் பழமைக்கு எகிப்தைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அங்கே அபைடாஸ் கோயில் தூணில் இருப்பவை, கோயில் கட்டி வெகுகாலம் கழித்து யாரோ சிவப்பு வண்ணத்தில் வரைந்துவிட்டுப் போன வட்டங்கள்.

பொது என்று சொன்னவுடனே பிழை என்பதே இல்லாமல் போகிறது. பிழைக்கே வழியில்லாத கோடு எதைத்தான் சொல்லும்? பல பீடங்களில் அந்தக் கோட்டையும் கை வரைவதில்லை. கணினிக் கோப்பு வரைகிறது, லேசர் பொறிக்கிறது, கை மெருகு பூசுகிறது. செய்தவரிடம் மெட்டாட்ரானையும் ஸ்ரீசக்கரத்தையும் இடம் மாற்றிப் பொறிக்கச் சொல்லிப் பாருங்கள். மறுப்பு வராது, அவருடைய சடங்கிலும் ஒரு சொல் மாறாது.