வாசலில் ஆடுகிறவர்கள்

சிதம்பரம் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கீழக் கோபுர வாசலை விறுவிறுவென்று கடந்துவிடாதீர்கள். காலை ஏழு மணி வாக்கில் வந்து, உள்ளே சுவரோரமாகப் பத்து நிமிஷம் நில்லுங்கள். கிழக்கு வெயில் சாய்வாக வாசலுக்குள் இறங்கும். அப்போது இருபுறமும் கீழிருந்து மேலாக அடுக்கிய சின்னச் சின்னக் கட்டங்களில் பெண்கள் ஆடிக்கொண்டிருப்பது கண்ணுக்குப் பிடிபடும். உச்சிவேளைக்கு வந்தால் வெறும் கல்தான் தெரியும்.

மொத்தம் 108 கரணங்கள். நாட்டிய சாஸ்திரத்தின் நாலாவது அத்தியாயம் சொல்லும் ஆட்ட அசைவுகள். நான்கு கோபுர வாசல்களிலும் கரணச் சிற்பங்கள் உண்டு என்றாலும், கீழ, மேலக் கோபுரங்களில் அந்தந்தக் கரணத்துக்கு உரிய சுலோகத்தையும் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பாடமும் படமும் பக்கத்தில் பக்கத்தில்.

தஞ்சைப் பெரிய கோயிலிலும் கரணங்கள் இருக்கின்றன. அங்கே ஆடுகிறவர் நாலு கைச் சிவன். 81 முடிந்ததோடு உளி நின்றுபோனது. மிச்சக் கற்கள் இன்றும் வெறுமையாக இருக்கின்றன. அவை இருப்பது விமானத்தின் மேல்தளச் சுற்றில், நினைத்தவர் நினைத்தபோது ஏறிப் பார்க்க முடியாத இடத்தில். சிதம்பரத்தில் ஆடுகிறவள் இரண்டு கைப் பெண். பூ விற்கிற அம்மாவும் பள்ளிக்கூடப் பிள்ளையும் தினம் கடந்துபோகிற வழியில் ஆடுகிறாள். சிவன் ஆடியதை நம்மைப் போன்ற உடம்புக்கு இறக்கி, தெருவும் கோயிலும் சேருகிற இடத்தில் வைத்தார்களே, அந்த மனசுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எனக்குச் சொந்த ஊர் கடலூர். அங்கே தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையை 1690இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியபோது பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம்வரை தங்கள் எல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். அதைக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, ஒரு ஊர் தன் வாசலில் ஆட்டத்தை வைத்திருப்பது என்னை விடாமல் இழுக்கிறது.

கரணம் என்பது அசையாமல் நிற்கிற நிலை இல்லை, ஓர் அசைவு முழுவதும் சேர்ந்ததுதான் கரணம் என்று ஆய்ந்து சொன்னவர் நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம். சிற்பிக்கு அந்த அசைவில் ஒரு கணம்தான் கிடைக்கும். எந்தக் கணத்தைப் பிடிப்பது என்பதில்தான் அவன் ரசனை இருக்கிறது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேனே தவிர, புரிந்தது ஒரு மார்கழிக் காலையில்தான். பன்னிரண்டு வயதிருக்கும், நடனம் பயில்கிற பெண் ஒருத்தி ஊர்த்துவஜானுவின் முன்னால் நின்றாள். முழங்கால் மார்பளவுக்கு எழும்புகிற கரணம் அது. சிற்பத்தைப் பார்த்துப் பார்த்து அப்படியே காலைத் தூக்கினாள். தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் அதேதான். பிறகு என்ன தோன்றியதோ, இரண்டு எட்டு பின்னால் போய், மனசுக்குள் தாளம் போட்டபடி முன்னால் வந்து, வந்த வேகத்திலேயே முழங்காலைத் தூக்கினாள். கால் நின்றது. கை தானாகப் போய் அதனிடத்தில் சேர்ந்தது. “அம்மா, இவ நிக்கலம்மா, வந்துக்கிட்டிருக்கா!” என்றாள். அதற்குப் பிறகு அந்தச் சுவரில் நிற்கிற உருவம் ஒன்றைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை.

லலாடதிலகம் என்ற கரணத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பின்னால் எழும்பிய கால் வளைந்து வந்து, பெருவிரல் நெற்றிக்குப் பொட்டு வைக்கப் போகிறது. கருங்கல்லில் இப்படி ஒரு வளைவைச் செதுக்க, ஆடுகிறவர்களின் இடுப்பையும் முதுகையும் நாள்கணக்கில் பார்த்த கண் வேண்டும்.

கிளம்பும் முன் வடக்கு வாசலுக்கும் போவேன். 1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய கோபுரம். அவர் உருவம் அங்கே இருக்கிறது. எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். அதே வாசலில் கட்டிய ஆசாரிகளின் உருவங்களும் பெயரோடு இருக்கின்றன. அதில் ஒருவர் விருத்தாசலத்துக்காரர், எங்கள் மாவட்டம். அவர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.