கேள்வியின் ஒரு பாதி

தமிழில் 'கேள்வி' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. காதால் கேட்டு அறிவதும் கேள்விதான், வாய் திறந்து வினவுவதும் கேள்விதான். திருக்குறளில் அந்தப் பெயருள்ள அதிகாரம் பேசுவது முதல் பொருளை. பொதுமக்களுக்கான அறிவியல் பேச்சுகளை எடைபோட இந்த ஒரு சொல்லே போதும். அவை முதல் கேள்வியை நன்றாக நடத்துகின்றன; இரண்டாவது கேள்விக்கு நேரமில்லாமல் விளக்கை அணைத்துவிடுகின்றன.

கலிபோர்னியாவில் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் குன்றுப் பகுதியில் உள்ள ஃபுட்ஹில் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கர்கள் சமுதாயக் கல்லூரி என்று அழைக்கும் வகை அது: இரண்டாண்டுப் படிப்பு, குறைந்த கட்டணம், போட்டியில்லாத சேர்க்கை. சில மைல் தள்ளி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனாலும் அந்த வட்டாரத்தின் பெயர்பெற்ற வானியல் பேச்சுத் தொடர் இந்தச் சிறிய கல்லூரியில்தான் வேர்பிடித்தது. அங்கே வானியல் கற்பித்த ஆண்ட்ரூ ஃப்ராக்னாய் 1999-இல் அதைத் தொடங்கினார். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம், வேற்றுலக உயிர்களைத் தேடும் செட்டி நிறுவனம், பசிபிக் வானியல் கழகம் ஆகியவை துணை நின்றன. புதன்கிழமை இரவு 7 மணி. ஸ்மித்விக் அரங்கில் 900-க்கும் மேற்பட்ட இருக்கைகள். நுழைவு இலவசம்.

இதன் முதல் பலம், பேசுபவர் யார் என்பதில் இருக்கிறது. இடைத்தரகர் இல்லை. வேற்றுலக நாகரிகங்களின் எண்ணிக்கையை மதிப்பிட 1961-இல் ஒரு சமன்பாடு எழுதிய ஃபிராங்க் டிரேக் இந்த மேடையில் தாமே அதை விளக்கினார். கெப்ளர் விண்கலத் திட்டத்தின் முன்னணி அறிவியலாளர் நட்டாலி பட்டாலா, பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடிய கதையைச் சொன்னார். கண்டுபிடித்தவர் வாயாலேயே கேட்பது பாடநூல் தராத ஒன்று. எங்கே தயங்கினார், எதை இன்னும் நம்பவில்லை என்பது குரலிலேயே தெரியும்.

இரண்டாவது பலம் பதிவுகள். பேச்சுகள் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. டிரேக் 2022-இல் மறைந்தார். அவர் பேச்சை இன்றும் மதுரையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கேட்கலாம். ஆனால் பதிவுக்கு ஒரு குறையும் உண்டு. அறிவியலுக்கு வயதாகிறது, காணொளிக்கு ஆவதில்லை. 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைக் கடந்தபோதுதான் அதன் பனிமலைகளை முதன்முதலாகப் பார்த்தோம். அதற்கு முன் யார் பேசியிருந்தாலும் புளூட்டோ என்று காட்டியது ஒரு மங்கல் புள்ளியைத்தான். 'இதற்குப் பின் தெரிந்தவை இவை' என்று பழைய பதிவுகளின் கீழ் நான்கு வரி சேர்ப்பது பெரிய செலவில்லை.

இதைவிடப் பெரிய குறை மேடையிலேயே இருக்கிறது. இவ்வகைப் பேச்சுகள் முடிவைக் காட்டும் அளவுக்கு முடிவுக்கு வந்த வழியைக் காட்டுவதில்லை. கெப்ளரையே பாருங்கள். 2009-இல் ஏவப்பட்டு 2018-இல் ஓய்ந்த அது, 2,600-க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டறிய உதவியது. அந்தக் கோள்களில் ஒன்றின் நிலப்பரப்பைக்கூட யாரும் கண்ணால் கண்டதில்லை. கோள் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி சற்றுக் குறையும். கருவி பதிவுசெய்தது அதை மட்டுமே. சூரியனுக்குக் குறுக்கே பூமி போனால் மறையும் ஒளி ஏறக்குறைய 12,000-இல் ஒரு பங்கு. ஸ்மித்விக் போன்ற பதின்மூன்று அரங்குகளை நிரப்பி, ஆளுக்கொரு விளக்கைக் கொடுத்து, ஒரே ஒரு விளக்கை அணைத்தால் வரும் வித்தியாசம் அது. அதுவும் ஒருமுறை தெரிந்தால் போதாது. ஆண்டுக்கொரு முறை சுற்றும் கோள் என்றால் மூன்று முறை பார்க்கவே இரண்டு முதல் மூன்றாண்டு வரை காத்திருக்க வேண்டும்.

இந்தப் பொறுமைதான் அறிவியல். ஆனால் இத்தகைய பேச்சுகளில் திரையை நிறைப்பது, நீலக் கடலும் செந்நிற வானமுமாக ஓவியர் வரைந்த கற்பனைக் கோள். அது தவறில்லை, ஓவியம் என்று அழுத்திச் சொல்லாமல் விடுவதுதான் தவறு. கச்சேரி முடிந்து 'இன்றைக்குத் தோடி அபாரம்' என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடுவதுபோல, 'அற்புதமாகப் பேசினார்' என்று எழுந்துபோகிறோம். எப்படித் தெரிந்தது என்று கேட்காமலே போகிறோம்.

கேட்க இடமும் குறைவு. பேச்சின் முடிவில் இருபது நிமிடம் ஒதுக்கினாலும் பத்துப் பேர் கேட்கலாம். மீதி எண்ணூற்றுச் சொச்சம் பேர் தங்கள் கேள்வியை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். குன்றின் மேல் இரவுக் கூட்டம் என்றாலே கார் வைத்திருப்பவருக்குத்தான் வசதி. மாலையில் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் மாணவர்கள் சமுதாயக் கல்லூரிகளில் ஏராளம். தம் கல்லூரியில் நடக்கும் பேச்சுக்கே அவர்களால் வரமுடியாமல் போகலாம்.

தலைப்பின் தேர்வையும் பார்க்க வேண்டும். விண்மீன்களைப் பற்றிப் பேசினால் யாருக்கும் கோபம் வராது. ஃபுட்ஹில் இருக்கும் சாண்டா கிளாரா மாவட்டத்தில், சிப் தயாரிப்பு ஆலைகளின் கரைப்பான்கள் நிலத்தடி நீரில் கசிந்த இடங்கள் பல. அமெரிக்க அரசு துப்புரவுக்கெனப் பட்டியலிட்ட அத்தகைய நச்சு இடங்கள் மிக அதிகமாக உள்ள மாவட்டங்களில் அது ஒன்று. ஏம்ஸ் மையத்தை ஒட்டியே அப்படி ஓர் இடம் உண்டு. வானியல் தொடரிடம் போய் நிலத்தடி நீரைக் கேட்பது நியாயமாகாது. ஆனால் அதே அரங்கில், அதே புகழுள்ளவர்களைக் கொண்டு, காலடி மண்ணைப் பற்றியும் ஒரு தொடர் நடத்துமாறு கல்லூரியைக் கேட்கலாம்.

குறைகளைச் சொன்னேனே தவிர, இந்தப் பேச்சுகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தேர்வு எழுதாமல், பணம் கட்டாமல், முதல் வரிசையில் உட்கார்ந்து ஆய்வாளரைக் கேட்கும் உரிமை சிறிய விஷயமில்லை. விட்ட பாதியை நிரப்பத் தேவையானவையும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. ஃப்ராக்னாய் மற்ற இரு வானியலாளர்களோடு எழுதிய பாடநூலை ஓப்பன்ஸ்டாக்ஸ் 2016 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஒவ்வொரு பேச்சின் கடைசிப் படத்திலும் அதன் அத்தியாய எண் இருக்கட்டும். அதே வளாகத்தின் வானாய்வகத்தை உள்ளூர் வானியல் ஆர்வலர் சங்கம் தெளிவான வெள்ளி இரவுகளில் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கிறது. தொலைநோக்கி அருகே மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. பக்கத்தில் நிற்பவரிடம் எதையும் கேட்கலாம். புதன்கிழமை வந்தவர்களை வெள்ளிக்கிழமையும் வரச் சொல்லுங்கள்.