தேயிலைக் கறையும் பெண்ணுருவும்

வெலிமடையினின்று பதுளைக்குச் செல்வோருள் கொழுந்து கொய்யும் பெண்ணைக் காணாதார் இலர். அவளைக் கலைஞர் எங்ஙனம் கண்டனர் என ஆராய்ந்தாரோ மிகச் சிலர். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்த ஜூலியா மார்கரெட் கமரோன் அம்மையார் தோட்டத் தமிழரைப் புகைப்படமாக்கினார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் டார்வின், டெனிசன் என்னும் பெயர்கள் நிலைத்தன. இங்கு எடுத்தவற்றில் உருவம் உண்டு, பெரும்பாலும் பெயரில்லை. பின்வந்த தேயிலை விளம்பரங்கள் அவ்வுருவத்துக்கு ஒரு புன்னகையையும் சேர்த்துவிட்டன. பனியும் அட்டைக்கடியும் அறிந்தவர்க்கு அப்புன்னகை எத்துணைப் பொய்!

நம் காலத்து ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் வேறு வழி கண்டார். மலையகத் தோட்டச் சமூகத்தினரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்றவருமாகிய இவர், பயன்படுத்தி எறிந்த தேயிலைப் பைகளையும், தேநீர் வடிகட்டியையும், தேயிலைச் சாயத்தையுமே கலைப்பொருளாகக் கொண்டார். இத்தேர்வு வெறும் புதுமை நாட்டமன்று. வடிகட்டியில் சாறு பிறர்க்கு இறங்கிவிடச் சக்கை எஞ்சுகிறது. இவ்வொரு பொருளே தோட்டப் பொருளாதாரம் முழுவதையும் உரைத்துவிடுகிறது. கறையோ, கொய்பவளின் விரலிலே நாடோறும் படிவது. அழகிய முகமொன்றைத் தீட்டிக் காட்டியிருப்பின் விளம்பரத்தின் பொய்க்கே அது துணைபோயிருக்கும்.

அனோலி பெரேராவும் 2010–11ஆம் ஆண்டுகளில், குடியேற்றக்காலப் படங்களின் பாணியில் பெண்களை அமர்த்தி, அவர்தம் முகத்தைக் கூந்தலால் மறைத்துப் புகைப்படத் தொடரொன்றை ஆக்கினார். பார்ப்பவனுக்கு முகம் தர மறுப்பது அங்கே வலிமையாகிறது. ஆனால் அம்மறுப்பு, முகம் உடையவர்க்கே இயல்வது. தோட்ட வழக்கிலோ நாட்கூலிக்குப் 'பேர்' என்றே பெயர். குறித்த எடை கொழுந்து நிரம்பாதாயின் 'அரைப் பேர்'. பெயரே பாதியாக அறுக்கப்படும் ஒருத்திக்கு முகத்தை மறைத்தல் எங்ஙனம் எதிர்ப்பாகும்? இவ்வகையில் ஹனுஷாவின் கறையே இவ்விடத்துக்குப் பொருந்துவதாம்.

எனினும் ஒரு குறை சுட்டற்பாலது. பிழிந்தெறிந்த பை, சுரண்டலைச் சொல்கிறது; கொய்பவளின் திறனைச் சொல்வதில்லை. செங்குத்துச் சரிவிலே காலூன்றி, இரண்டு இலையும் ஒரு மொட்டும் எனப் பார்வைக்கு முன்னே விரல் தெரிந்தெடுக்கும் அந்நுண்மை, பயின்று பெற்ற கலையன்றோ? துன்பம் மட்டுமே பேசப்படின், பெண் மீண்டும் இரக்கத்துக்குரிய பொருளாகிவிடுவாள். மேலும், இத்தகைய ஆக்கங்களைக் கொழும்புக் காட்சிக்கூடங்களிலே காண்போர் தேநீர் அருந்துவோரே. ஊவாத் தோட்டமொன்றின் பிள்ளைமடுவச் சுவரில் அவை தொங்குமாயின், நிறுவை முடித்துத் திரும்பும் பெண்கள் அக்கறையின் நிறம் சரியா என்பதை முதலில் பார்ப்பர்.