கேள்வியில் தொடங்கும் இரவு: ‘ஹகாதா’ – ஒரு வாசிப்பு

1942இல் ஸராயேவோ நகரம் நாஜிகளின் ஆதிக்கத்தில் இருந்தபோது, அங்குள்ள அருங்காட்சியக நூலகர் தர்வீஷ் கோர்குத் என்னும் முஸ்லிம் அறிஞர், யூதர்களின் பதினான்காம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றை அவர்கள் கையில் சிக்காமல் காத்தார். பஸ்கா பெருநாள் இரவில் ஓதப்படும் ‘ஹகாதா’வே அந்நூல். யூதர்களின் சடங்குகளை உயிரற்ற கூடு என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடும் பழக்கம் நம் மேடைகளில் உண்டு. முஸ்லிம் ஒருவர் உயிரைப் பணயம் வைத்துக் காத்த நூலைப் படித்துப் பார்த்த பின்னர்த் தீர்ப்புக் கூறுவதே நீதியாகும்.

ஹகாதா என்பதற்கு ‘எடுத்துரைத்தல்’ என்பது பொருள். எகிப்திலிருந்து விடுதலை பெற்ற செய்தியை மகனுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்னும் தவ்ராத்தின் கட்டளையே இதன் வேர். கி.பி. 70இல் ஜெருசலம் ஆலயத்தை உரோமர் அழித்தபின் அங்கு நடந்த பலி நின்றது. பலிபீடத்தின் இடத்தை வீட்டு உணவு மேசை பெற்றது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவிலேயே இவ்விரவின் ஒழுங்கு காணப்படுகிறது. புளிப்பில்லா அப்பம் அவசரப் புறப்பாட்டையும், கசப்புக் கீரை அடிமை வாழ்வையும் நினைவூட்டுகின்றன. ஆனால், உண்பதற்கு முன் வீட்டின் இளைய பிள்ளை, இவ்விரவு ஏன் வேறுபட்டது எனக் கேட்டாக வேண்டும். அறிவாளி, துடுக்கன், வெள்ளந்தி, கேட்கவே தெரியாதவன் என நால்வகைப் பிள்ளைகளை நூல் எண்ணுகிறது. நான்காமவனுக்குத் தந்தையே பேச்சைத் தொடங்கித்தர வேண்டும். இந்நூலின் மிக உயர்ந்த இடம் இதுவே என்போம்.

திருக்குர்ஆனில் 130க்கும் மேற்பட்ட இடங்களில் இடம்பெறும் மூஸா (அலை) அவர்களின் பெயர், இந்நூலில் ஒரு மேற்கோளினூடே ஒரே ஒருமுறைதான் வருகிறது. மீட்டவன் இறைவனே, தூதரல்லர் என்னும் வலியுறுத்தல் இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. ஏகத்துவ நோக்கில் இது போற்றத்தக்கதே. எனினும், ஃபிர்அவ்னின் முன் நின்று பேசிய மனிதரின் துணிவு பிள்ளையின் நெஞ்சில் பதியாமற்போகிறது என்னும் குறையையும் நாம் காண்கிறோம்.

இதனினும் பெரிய முரண் ஒன்றுண்டு. எகிப்தியர் மீது இறங்கிய பத்து வாதைகளைச் சொல்லும்போது, பிறர் துயரில் நம் மகிழ்வு குறையட்டும் என்று கிண்ணத்திலிருந்து துளிகளைச் சிந்துவதாக விளக்கம் தரப்படுகிறது. அதே நூலில், நடுக்காலத்தில் சேர்ந்த ஒரு பகுதி பிற சமூகத்தார் மீது இறைச்சினத்தை வேண்டுகிறது. ஐரோப்பாவில் அவர்கள் கொலையுண்ட காலத்தின் குரல் அது. ஆயினும், நினைவு இரக்கமாகவும் விளையலாம், வஞ்சமாகவும் விளையலாம். எகிப்தில் அந்நியராயிருந்ததை எண்ணி அந்நியரை ஒடுக்காதீர் என்று தவ்ராத் ஏவுகிறது. 2023இல் தொடங்கிய போரில் காஸாவில் பல்லாயிரவர் கொல்லப்பட்டதை அவ்வேவலின் முன் வைத்துப் பார்க்காத பஸ்கா முழுமை பெறுமா? இக்கேள்வியை யூதர்களுள்ளேயே பலர் கேட்டனர். 2024 ஏப்ரலில் நியூயார்க் வீதியில் இவ்விருந்தை நடத்தி அப்போரை எதிர்த்தனர். ஒரு சமூகத்தை மொத்தமாக எடை போடுவோர் இதனை மறத்தலாகாது.

இனி, நம் பக்கம் திரும்புவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது யூதர்கள் ஆஷூரா நோன்பு நோற்பதைக் கண்டு காரணம் வினவினார்கள் என்றும், மூஸா (அலை) மீட்கப்பட்ட நாள் என அறிந்ததும் மூஸாவுக்கு நாமே நெருக்கமானோர் என்று கூறித் தாமும் நோற்றார்கள் என்றும் இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிக்கிறார்கள். அங்கும் முதலில் எழுந்தது வினாவே. இப்ராஹீம் (அலை) அவர்களும் அறுக்கும் முன் மகனின் கருத்தைக் கேட்டார்கள். நாமோ பிள்ளையின் கேள்வியை அதபுக் குறைவென்று அடக்கிவிடுகிறோம். ஆஷூராவும் குர்பானியும் அவனுக்குப் பசியாகவும் இறைச்சியாகவும் முடிந்துவிடுகின்றன. கேட்கத் தெரியாத அந்த நான்காம் பிள்ளை நம் வீட்டிலும் அமர்ந்திருக்கிறான். வரும் முஹர்ரம் பத்திலாவது, நோன்பு திறக்கும் முன் அவனிடம் நாமே பேச்சைத் தொடங்குவோமாக.