டவர் சாய்ந்த பிறகு

'ஏடாக்' என்று ஒரு ஆண்ட்ராய்டு ஆப். அமெரிக்க விமானப்படை ஆராய்ச்சிக்கூடம் ராணுவத்துக்காகச் செய்தது. 2020-ல் பொதுமக்களுக்கும் வந்தது. குழுவில் யார் எங்கே என்பதை ஒரே மேப்பில் புள்ளிகளாகக் காட்டும். மீட்புப் பணிக்கு அருமையான சமாச்சாரம். ஆனால், சர்வரை மட்டும் நம்பினால் டவர் சாய்ந்ததும் புள்ளிகளும் காலி.

அதற்குத்தான் 'மெஷ்டாஸ்டிக்'. உள்ளங்கை அகல ரேடியோக்கள். டவரே இல்லாமல் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கித் தகவலைக் கடத்தும். ஒரு ப்ளக்-இன் போட்டால் ஏடாக்கின் புள்ளிகளும் இதில் போகும். வேகம் மாட்டுவண்டிதான், இருப்பிடம், குட்டிச் செய்தி சரி, வீடியோ கேட்காதீர்கள். அதை மன்னிக்கலாம். ஆரம்பத்திலேயே போட்டுத் தரும் ரகசியச் சாவி ஊருக்கே தெரிந்தது என்பதை எப்படி மன்னிப்பது? மாற்றாமல் விட்டால், உங்கள் ஆட்கள் அனுப்புவதைப் பக்கத்தில் ரேடியோ வைத்திருக்கும் எவரும் படிக்கலாம். வெள்ளம் வருவதற்குள் மாற்றிவிடுங்கள். கழுத்தளவு தண்ணீரில் செட்டிங்ஸ் தேட முடியாது!